இரண்டாவது மூக்கு

அந்த ஆஸ்பத்திரியில் அவளுடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி வாசல் காவலாளியிலிருந்து அறுவை டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் மூக்குத்திதான். அவள் மூக்கில் பொட்டுத் தங்கம்கூடக் கிடையாது. பஞ்சு சுற்றிய நீளக் குச்சியை ஊரார் மூக்கில் விட்டுக் குத்துவதால் வந்த பெயர் அது. அவளுடைய தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டாலே வார்டில் பாதிப் பேர் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வார்கள். மீதிப் பேர் தூங்குகிற மாதிரி நடிப்பார்கள். இதெல்லாம் பேரன் பேத்தி எடுத்தவர்கள் செய்வது. குழந்தைகள் ஒரு பாட்டம் அழுதுவிட்டுக் காட்டிவிடும்.

இதில் கொடுமை என்னவென்றால், மனிதர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்றுதான் அவள் லேப் படிப்பையே படித்தாள். ரத்தம் எதிர்த்துப் பேசாது, சளி சந்தேகம் கேட்காது. பல வருஷம் அந்த நிம்மதியில் ஓடியது. ஆனால் வார்டிலிருந்து வந்த குச்சிகளில் முக்கால்வாசி மூக்கு நுனியைத் தொட்டுவிட்டுத் திரும்பியவை. "சோதிக்கிறவங்களே போய் எடுத்தா என்ன?" என்று ஒருநாள் லேப் தலைவியான டாக்டரம்மா கேட்டார். கேட்டுவிட்டு நேராக இவளைப் பார்த்தார். எதையும் பாதியில் விடாமல் முடிக்கிற கை இவளுடையது என்று லேபில் எல்லோருக்கும் தெரியும். மனிதர்களே வேண்டாம் என்று ஒதுங்கியவளை மனிதர்களின் மூக்குக்குள்ளேயே அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அவளுக்கு மூக்குக்கு மேல்தான் கோபம்.

லேபில் இரண்டு மெஷின்கள் இருந்தன. இரண்டும் செய்வது ஒரே வேலைதான். சளியில் வைரஸின் மரபணுத் துணுக்கு இருக்கிறதா, இருந்தால் அது ஃப்ளூவா வேறு ஏதாவதா என்று சொல்ல வேண்டும். மூலையை அடைத்துக்கொண்டு நிற்கும் பழைய மெஷினுக்குப் பெரியப்பா என்று பெயர். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம்தான் வாயைத் திறக்கும். தட்டு நிறைய மாதிரிகள் சேராவிட்டால் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. புதிதாக வந்த சின்னப் பெட்டிக்கு மாப்பிள்ளை என்று பெயர். வந்த நாளிலிருந்து அதற்குத் தனி மேசை, தனி ஏசி, மேலே தூசு படாமல் ஒரு துணி. ஒரு நேரத்துக்கு ஒரு நோயாளியைத்தான் கவனிக்கும், ஆனால் ஒரு மணி நேரத்தில் பதில் சொல்லிவிடும். அது இன்னும் சொந்தமாகவில்லை. இந்தக் குளிர்காலம் முழுக்கப் பெரியப்பாவோடு ஒப்பிட்டுப் பார்த்து, தேறினால் வைத்துக்கொள்வது, இல்லாவிட்டால் வந்த வழியே அனுப்புவது என்று ஏற்பாடு.

ஒப்பிடுவது என்றால் ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு குச்சி. வலது மூக்கில் எடுப்பது பெரியப்பாவுக்கு, அதை முதலில் எடுக்க வேண்டும். இடது மூக்கில் எடுப்பது மாப்பிள்ளைக்கு. குழப்பம் வரக் கூடாது என்பதற்காக டாக்டரம்மாவும் இவளும் சேர்ந்து உட்கார்ந்து வகுத்த ஒழுங்கு அது. சீசன் முடியப் போகும்போது பார்த்தால் மாப்பிள்ளையின் லட்சணம் தெரிந்துவிட்டது. பெரியப்பா இருக்கிறது என்று சொன்ன வைரஸை மாப்பிள்ளை அடிக்கடி கோட்டை விட்டது. ஒரு தடவைகூடத் தலைகீழாக நடக்கவில்லை. பார்க்கத்தான் பளபளப்பு, உள்ளே ஒன்றும் இல்லை என்று லேபே பேசியது. அந்த வாரக் கடைசியில் நடக்கும் கூட்டத்தில் அதைத் திருப்பி அனுப்பச் சொல்லப் போவதாக டாக்டரம்மா முடிவே கட்டியிருந்தார்.

அந்த வாரம்தான் மூக்குத்தியின் மாமனாரும் மாமியாரும் ஒரே நேரத்தில் காய்ச்சலும் இருமலுமாக வந்து படுத்தார்கள்.

மாமனார் ஒரு காலத்தில் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றார், சொல்லிக்கொடுப்பதிலிருந்து ஓய்வு பெறவில்லை. மருமகள் காய் நறுக்கினால், "மெதுவா, மெதுவா, கைய பாரு" என்பார். பால் பொங்கினால், "முன்னாடியே பிரேக் போட்டிருக்கணும்" என்பார். போதாததற்கு அவருடைய தும்மல் வேறு. தும்மினால் மூன்று. முதலாவதற்கு ஜன்னல் கண்ணாடி அதிரும், மூன்றாவதற்குப் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். முதல் தும்மல் வந்ததும் மாமியார் வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும் தலையைத் தூக்காமல், "இன்னும் ரெண்டு இருக்கு" என்பார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மூக்குத்தி இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தாள்.

மாமியாருக்கு இரண்டு வருஷமாக ஞாபகம் நழுவிக்கொண்டிருந்தது. முதலில் சாவி, அப்புறம் கிழமை, அப்புறம் ஆட்கள். மகனை யாரோ கணக்கெடுக்க வந்தவர் என்று நினைத்து வாசலிலேயே நிறுத்தி வைத்ததும் உண்டு. புருஷன் மட்டும்தான் கைவிட்டுப் போகாமல் இருந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "ம், வாயைத் திற. மெதுவா மெல்லு" என்று கிளாஸ் எடுத்தால்தான் அந்த அம்மாளுக்குச் சோறு உள்ளே போகும்.

இருவருக்கும் மூக்குத்திதான் குச்சி எடுத்தாள். மாமியாருக்கு இரண்டு மெஷினும் ஃப்ளூ என்றன. மாமனாருக்குப் பெரியப்பா ஃப்ளூ என்றது, மாப்பிள்ளை ஒன்றும் இல்லை என்றது.

இங்கேதான் வந்தது வினை. ஃப்ளூ வார்டில் இரண்டு கட்டில் போட்ட அறைகள் உண்டு, மாமியாரை அப்படி ஒன்றில் சேர்த்தார்கள். ஆனால் போன குளிர்காலத்தில் ஒரு தப்பான ரிசல்ட்டை நம்பி, வைரஸே இல்லாத ஒருவரை அங்கே படுக்க வைத்து, அவருக்கு அங்கே தொற்றி, உயிர் பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டது. அதனால் இந்த வருஷம் புதுச் சட்டம் போட்டிருந்தார்கள். இரண்டு மெஷினும் ஒத்துச் சொன்னால்தான் உள்ளே விடுவார்கள். ஒத்துவராவிட்டால் மாதிரி வெளியூரில் இருக்கும் மூன்றாவது லேபுக்குப் போகும், அவர்கள் சாவகாசமாகப் பதில் சொல்வார்கள். அதுவரை நோயாளி தனி அறையில் இருக்க வேண்டும். சட்டத்தில் தப்பு சொல்ல முடியாது. அதனால்தான் மூக்குத்திக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மாமியார் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். மாஸ்க்கும் நீல அங்கியுமாக வருகிற எல்லோரும் அவருக்கு ஒன்றுதான். ஒவ்வொருவரிடமும், "எங்க வீட்டுக்காரர் வந்துட்டாரா?" என்று கேட்பார். இல்லை என்றால் வாயை இறுக்க மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். டிரிப்ஸ் ஏற்றினால் பிடுங்கி எறிந்தார். கையைக் கட்டிப்போடலாமா என்கிற பேச்சு வந்தபோது மூக்குத்தி வார்டுக்கு ஓடினாள்.

"ரெண்டே ரெண்டு நாள் அவரை அந்த ரூம்ல விடுங்க சிஸ்டர். அத்தை ஒரு வாய் சாப்பிடுவாங்க," என்று வார்டுப் பொறுப்பு சிஸ்டரிடம் கேட்டாள்.

"உன் மாமனாருக்கு ஃப்ளூ இல்லாம இருந்து, உள்ள விட்டு வந்துச்சுன்னா? இந்த வயசுல தாங்குவாரா? நீயே சொல்லு," என்றார் சிஸ்டர்.

மறுநாள் காலையில் கப்பலில் மெக்கானிக்காக இருக்கும் புருஷன் போன் செய்தான்.

"அம்மாவையும் அப்பாவையும் ஒண்ணா போட முடியலையா? நீ லேப்லதானே இருக்க?"

"லேப்ல இருக்கேன்னா? ரிசல்ட்டை நானா சமைச்சுப் போடுறேன்?"

"இல்ல, ஒரு வார்த்தை சொன்னா..."

"யார்கிட்ட சொல்ல? மெஷின்கிட்டயா? உங்க அப்பாவுக்கு இருக்குன்னு ஒண்ணு சொல்லுது, இல்லைன்னு ஒண்ணு சொல்லுது. ரெண்டுக்கும் நடுவுல நான் பஞ்சாயத்து பண்ணட்டுமா? போனை வைங்க."

போனை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினாள். கையுறை போட்டிருந்தது. கையுறையோடு முகத்தைத் தொடக் கூடாது. இந்த வேலையில் ஆத்திரத்துக்குத் தலையில் அடித்துக்கொள்ளக்கூட வழியில்லை.

மாமனாரைப் பார்க்கப் போனாள். தனி அறையில் அவர் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் வாடிப்போயிருந்தார். கூட்ட வந்தவரிடம் துடைப்பம் பிடிக்கிற விதத்தைப் பற்றி ஏதோ சொல்லப்போய், அந்த ஆள் இரண்டு நாளாக இந்த அறைப் பக்கமே வரவில்லை.

"அவ சாப்பிட்டாளா?"

மூக்குத்தி தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைத்தாள். அதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு மருமகள் முகம் தொங்கிப்போயிருப்பதைப் பார்த்து, அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தார்.

"வார்டுல உன்னைப் பத்தி என்னென்னவோ பயமுறுத்தினாங்கம்மா. ஆனா நீ மரியாதை தெரிஞ்ச பொண்ணு. முதல் மூக்குல மூளை வரைக்கும் போயிட்ட, கண்ணுல தண்ணி வந்துடுச்சு. 'போதும்மா'ன்னேன் பாரு, ரெண்டாவது மூக்குல பாதியிலயே பிரேக் போட்டுட்ட. வலியே இல்ல. மாமனாராச்சேன்னு பாத்தியே, அதுதான் வளர்ப்பு."

மூக்குத்தி பாட்டில் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அந்த நேரம் அவள் கண் முன்னால் வந்தது மாமனார் மட்டும் இல்லை. இந்தக் குளிர்காலம் முழுக்க அவள் குனிந்து நின்ற கட்டில்கள் எல்லாம் வந்தன. முதல் குச்சிக்கு எல்லோரும் அப்பாவிகளாக முகத்தைக் காட்டுவார்கள், என்ன வரப் போகிறது என்று தெரியாது. இரண்டாவதற்குத் தெரியும். தலையைப் பின்னால் இழுப்பார்கள், மணிக்கட்டைப் பிடிப்பார்கள், கெட்ட வார்த்தை சொல்வார்கள், தும்முவார்கள். இவளும் மனுஷிதானே. கண்ணில் தண்ணீர் வழிய ஒருவர் போதும் என்று கும்பிட்டால் கை தானாகப் பாதியில் நின்றுவிடும். அந்தப் பாதிக் குச்சி எப்போதும் இடது மூக்கில்தான். எப்போதும் மாப்பிள்ளைக்குத்தான். ஒரு சீசன் முழுக்க அவர்கள் இரண்டு மெஷினை ஒப்பிடவே இல்லை. முதல் மூக்கையும் இரண்டாவது மூக்கையும் ஒப்பிட்டிருக்கிறார்கள்.

அவளுக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, ஆத்திரம். இத்தனை மூக்கு, இத்தனை கண்ணீர், இத்தனை வசவு, எல்லாம் விழலுக்கு இறைத்த நீர். இதைக் கண்டுபிடிக்க இந்த மனுஷனா வர வேண்டும்? அதுவும் பாராட்டி!

டாக்டரம்மா மறுநாள் கூட்டத்துக்காகத் தயாராகிக்கொண்டிருந்தார். மூக்குத்தி சொன்னதைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"வலது முதல்லன்னு எழுதினது நான்," என்றார். "ஆளுக்கு ஆள் மாத்தி எடுக்கச் சொல்லியிருக்கணும். படிச்சுப் படிச்சுச் சொல்லிக்கொடுக்கற விஷயம். எனக்கே தோணல."

"எனக்கும்தான் தோணல மேடம். என் கைதானே பாதியில நின்னுச்சு."

"நாளைக்கு மெஷினை அனுப்பச் சொல்லிட்டு, அடுத்த வருஷம் தெரிஞ்சிருந்தா?" டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். "சரி, இப்ப உன் மாமனாருக்குத் திரும்ப எடுக்கணும்னு கேக்கறே. அப்படித்தானே?"

"ஆமா."

"அவருக்கு மட்டும் எடுத்தா நாளைக்கே வார்டு முழுக்கப் பேசும். மெஷின் ஒத்துப்போகாம தனி ரூம்ல கிடக்கற எல்லாருக்கும் எடு. இந்தத் தடவை இடது மூக்கு முதல்ல, ரெண்டும் கடைசி வரைக்கும். இன்னொண்ணு. அவருக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு. வைரஸ் குறைஞ்சுக்கிட்டே வரும். இப்ப எடுத்து ரெண்டுமே இல்லைன்னு சொல்லிட்டா, சட்டப்படி அவர் வீட்டுக்குப் போகணும். அந்த அம்மா பக்கத்துல விடவே முடியாது. யோசிச்சுக்கோ."

அதைத்தான் அவள் படியேறும்போதே யோசித்துக்கொண்டு வந்தாள். எடுக்காவிட்டால் மூன்றாவது லேபின் பதிலுக்குக் காத்திருக்கலாம். ஆனால் மாமியார் வயிறு அதுவரை காத்திருக்காது. எடுத்தால், தப்பினால், அவர் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போக வேண்டியதுதான்.

மற்ற அறைகளை முதலில் முடித்தாள். ஒவ்வொரு அறையிலும் திட்டு வாங்கினாள். ஒருவர், "எங்க மூக்குல என்ன புதையலா இருக்கு, தோண்டிக்கிட்டே இருக்கீங்க?" என்றார். இன்னொரு பெண்மணி குச்சியைப் பிடுங்கி ஒடித்தே விட்டார். மூக்குத்தி பல்லைக் கடித்துக்கொண்டு புதுக் குச்சியைப் பிரித்தாள். கடைசியாகத் தள்ளுவண்டியை மாமனார் அறைக்குள் உருட்டினாள். விஷயம் முழுவதையும் அவரிடம் மறைக்காமல் சொன்னாள். இல்லை என்று வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொன்னாள்.

மாமனார் தலையணையை நிமிர்த்திச் சாய்ந்து, முகத்தைத் தூக்கிக் காட்டினார்.

"எடு."

"ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் போவேன் மாமா. கஷ்டமா இருக்கும்."

"மாமனார்னு பாக்காதே. நான் போதும்னு சொன்னாலும் நிறுத்தாதே. கையைப் பிடிச்சா தட்டி விடு."

இடது பக்கம் எடுத்தாள். அவர் கண் நிறைந்தது. வலது பக்கம் போகும்போது அவர் உடம்பு தானாகப் பின்னால் போயிற்று, கை எழுந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அவள் தட்டிவிட்டாள். கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு அவர் அண்ணாந்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை. குச்சி அடிவரை போய் நின்று, சுற்றி, வெளியே வந்தது. மூக்குத்தியின் பாதுகாப்புக் கண்ணாடி ஏன் மங்கலானது என்று அவள் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, மாஸ்க் போட்டால் கண்ணாடியில் ஆவி படிவது சகஜம்.

மாப்பிள்ளைதான் முதலில் வாயைத் திறந்தது. இருக்கிறது என்றது. குளிர்காலம் முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்ட அந்தச் சின்னப் பெட்டியை மூக்குத்தி முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தாள். ஆனால் இப்போது இரண்டாவது மூக்கு பெரியப்பாவுடையது. பெரியப்பா தன் வழக்கப்படி முனகிக்கொண்டு மத்தியானம் முழுவதையும் விழுங்கியது. அவள் திரையின் முன்னால் நின்றாள், உட்கார்ந்தாள், கழுவிய கண்ணாடிக் குவளைகளையே திரும்பக் கழுவினாள். டாக்டரம்மாவும் வீட்டுக்குப் போகாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். சாயங்காலம் திரையில், வைரஸ் இருந்தால் மேலே ஏற வேண்டிய மாமனாரின் கோடு தரையோடு தரையாகப் போய்க்கொண்டே இருந்தது. முடியப் போகிற நேரத்தில், வேண்டா வெறுப்பாக எழுந்திருப்பதுபோல், மேலே ஏறியது.

"இருக்கு," என்றார் டாக்டரம்மா. "இவ்வளவு சந்தோஷமா யாருக்கும் ஃப்ளூ இருக்குன்னு நான் சொன்னதில்லை." பிறகு பெருமூச்சு விட்டார். "மத்த அறைகள்லயும் பாதிக்கு மேல ஒத்துப்போயிடுச்சு. மாப்பிள்ளை எங்கயும் போகல. அடுத்த குளிர்காலம் முதல்லேர்ந்து மறுபடி எடுக்கணும், தெரியுமில்ல?"

"தெரியும்," என்றாள் மூக்குத்தி. மறுபடி அத்தனை மூக்கு. நினைத்தாலே அழுகை வந்தது.

சிஸ்டர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அவரே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மாமனாருக்கும் நீல அங்கி, மாஸ்க், தலையில் உறை. மூக்குத்தி சாப்பாட்டுத் தட்டோடு பின்னால் போனாள்.

மாமியார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நாற்காலிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். மாஸ்க் போட்ட இன்னொரு நீல உருவம். கண்ணைச் சுருக்கி ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருங்க நீங்க? வேற ரூம் பாருங்க. எங்க வீட்டுக்காரர் வர்ற நேரம்."

மாமனார் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. ஊருக்கெல்லாம் வழி சொன்ன மனுஷன் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமியார் முகத்தில் ஒரு அடையாளமும் தெரியவில்லை. மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவ்வளவுதான், இதற்காகவா இத்தனை பாடு என்று நினைத்தாள் மூக்குத்தி. தட்டை வைத்துவிட்டு ஓடிவிடலாமா என்று இருந்தது.

மாமனாரின் மூக்கு இன்னும் அடங்கவில்லை. இரண்டு பக்கமும் ஆழமாகக் குடைந்த மூக்கு. அவர் தலை மெல்லப் பின்னால் போயிற்று, கண் மூடியது, மாஸ்க் புடைத்தது. ஜன்னல் கண்ணாடி அதிரத் தும்மினார்.

சுவர்ப் பக்கம் படுத்திருந்த மாமியார் தலையைத் தூக்கவில்லை.

"இன்னும் ரெண்டு இருக்கு," என்றார்.

இரண்டும் வந்தன. மூன்றாவது அடங்கியதும் மாமியார் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். "எங்க போயிட்டீங்க இவ்வளவு நேரம்? சாப்பாடெல்லாம் ஆறிப்போச்சு," என்று எரிந்து விழுந்தார்.

மாமனார் கையை நீட்டினார். மூக்குத்தி தட்டை அந்தக் கையில் கொடுத்தாள்.

"ம், வாயைத் திற," என்றார் அவர். "மெதுவா. மெதுவா மெல்லு."